ஏழாம் நம்பர் கம்பியும் முந்நூறு பனியனும்

விழாவில் பேசுகிறவர்கள் வரிசையிலிருந்து நதியாவின் பெயரை எடுத்துவிட்டு, அவளுடைய ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் வேல்குமார் அவளுக்கு வேறொரு பொறுப்பு கொடுத்தார். வருகிற மாணவர்களுக்கு முந்நூறு டி-ஷர்ட் தயார் பண்ண வேண்டும்.

“நீ திருப்பூர்ப் பொண்ணுதானே. டி-ஷர்ட்டை உன்னைவிட யாரு நல்லாப் பண்ணப்போறா?” என்று போனில் சிரித்தார்.

நதியா நல்லூரில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெங்களூரில் ஐந்து வருஷம் கண் பூத்துப்போகும்படி நுண்ணோக்கியில் கம்பி பொறுக்கியவளுக்கு, ஆய்வேடு முடிகிற நேரத்தில், அதுவும் சொந்த ஊரில், கிடைத்த மரியாதை இது. கீழே பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் வேறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவோடு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து வைத்தது. ‘அணுவுக்குள் அதிசயம் கண்ட நல்லூரின் நட்சத்திரம்’ என்று எழுதியிருந்தார்கள். அவள் எந்த அதிசயத்தையும் காணவில்லை என்பதுதான் பிரச்சினையே.

“சரிங்க சார்” என்றாள்.

அவள் இழுக்காமல் ‘சரிங்க சார்’ என்று சொன்னால் அது சரி இல்லை என்று அர்த்தம். ஐந்து வருஷத்தில் வேல்குமார் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்.

இந்தக் கதைக்கு அந்தக் கம்பி முக்கியம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். தலைமுடியை நெடுக்குவாட்டில் ஆயிரமாகக் கிழிக்க முடிந்தால் அதில் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அதுதான் அதன் பருமன். இண்டியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் அதை வளர்ப்பார்கள். அதன் ஒரு பக்கத்தில் அலுமினியத்தை மெல்லிய பூச்சாக ஏற்றுவார்கள். இதற்கு மேல் குளிர முடியாது என்கிற எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அலுமினியம் மீகடத்தி ஆகிவிடும், மின்சாரம் அதில் தடையே இல்லாமல் ஓடும். சேர்க்கை தோஷம் என்பார்களே, அந்தக் குணம் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கும் வந்துவிடும். பிறகு நீளவாக்கில் காந்தப்புலம் கொடுத்தால், கம்பியின் இரண்டு முனைகளிலும் பாதிப் பாதி எலக்ட்ரானாக ஒரு விசித்திரமான நிலை வந்து உட்காரும் என்கிறது கணக்கு. அதற்கு மயோரானா என்று பெயர். இப்போதிருக்கிற குவாண்டம் கணினிகள் பக்கத்தில் யாராவது தும்மினாலே கணக்கை மறந்துவிடுகிற ஜாதி. தகவலை இப்படி இரண்டு முனைகளிலும் பிரித்து வைத்துவிட்டால் அவ்வளவு லேசில் மறக்காது. அதனால்தான் பெரிய பெரிய நாடுகள் இந்தக் கம்பியின் பின்னால் அலைகின்றன.

வந்து உட்கார்ந்ததா என்று எப்படித் தெரியும்? முனையில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி வரைபடம் எடுத்தால், சரியாகப் பூஜ்ஜியத்தில் ஒரு முகடு எழும்ப வேண்டும். கம்பிக்குள் கொஞ்சம் அழுக்கோ குறையோ இருந்தாலும் ஒரு முனையில் போலி முகடு எழும்பிவிடும் என்பதால், இரண்டு முனையிலும் ஒன்றாக எழும்ப வேண்டும். கம்பியைக் கட்டுப்படுத்தும் மின்வாயின் அழுத்தத்தைச் சற்றுத் திருகினாலும் விழாமல் நிற்க வேண்டும்.

நதியா இருபத்திரண்டு கம்பிகளை அளந்தாள். ஏழாம் நம்பர் கம்பியில் மட்டும் இரண்டு முனையிலும் ஒன்றாக முகடு வந்தது. ஆய்வுக்கூடமே கேக் வெட்டியது. அடுத்த வாரம் அவளே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் திருகிப் பார்த்தாள். ஒரு முனையில் முகடு விழுந்தது, மறுமுனையில் அது பாட்டுக்கு நின்றது. தற்செயலாக ஒரே நேரத்தில் எழுந்து நின்ற இரண்டு போலிகள், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் ஆய்வுக்கூடத்துக் கழிவறையில் போய் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அளந்தது அத்தனையையும் வரைந்து வேல்குமாரிடம் கொண்டுபோனாள். அவர் முகடுகள் நிற்கிற துண்டை மட்டும் கத்தரித்துத் தன் கட்டுரையில் வைத்தார்.

“முழுசாப் போட்டரலாங்க சார்” என்றாள் நதியா.

“மற்றதெல்லாம் மோசமான டிவைஸ். மோசமானதை யாராவது வெளியில காட்டுவாங்களா?”

“அளக்கறதுக்கு முன்னாடியே மோசம்னு சொல்லியிருந்தா ஒத்துக்கலாங்க சார். முகடு வரலைன்னு தெரிஞ்ச பொறவுதானே மோசம்ங்கறோம்.”

வேல்குமாருக்கு முகம் கறுத்தது. “உன் ஆய்வேட்டுல யார் கையெழுத்துப் போடணும்னு ஞாபகம் இருக்கில்ல?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் ஐந்து வருஷமும் ஆற்றில் கரைத்த புளிதான். அது நதியாவுக்கும் தெரியும். ஆனாலும் மேடையில் பேசச் சொன்னால் முழுப் படத்தைத்தான் காட்டுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வாரமே அவள் பெயர் வரிசையிலிருந்து போயிற்று, டி-ஷர்ட் வந்தது.

விழா அவிநாசிபாளையம் பக்கத்தில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில். அதை நடத்துகிற தங்கதுரை, குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி செய்து பெரிய ஆளானவர். தன் கல்லூரியில் குவாண்டம் ஆராய்ச்சி மையம் ஒன்று வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. வேல்குமார் அதற்குத் தலைவராவதாக ஏற்பாடு. கண்டுபிடிப்பை அறிவிப்பது, அடிக்கல் நாட்டுவது, கடைசியில் வேல்குமார் ஒரு டி-ஷர்ட்டில் மார்க்கரால் கையெழுத்துப் போடுவது என்று நிகழ்ச்சி நிரல். கையெழுத்துப் போட்ட பனியன் கண்ணாடிச் சட்டத்துக்குள் மையத்தின் சுவரில் தொங்குமாம்.

நல்லூரிலேயே நதியாவின் பள்ளித்தோழி அன்புசெல்வி பிரிண்டிங் யூனிட் வைத்திருந்தாள். அச்சை உலர்த்துகிற கியூரிங் மெஷின் சூட்டில் உள்ளே நின்றாலே சட்டை நனைந்துவிடும். மேசை நெடுக வெள்ளைப் பனியன்கள் படுத்திருந்தன, மூலையில் யாருடைய போனிலோ இந்திப் பாட்டு. வேல்குமார் அனுப்பிய படத்தை நதியா திறந்து காட்டினாள்.

“என்ன புள்ள இது, ஒத்தை மலையாட்ட?” என்றாள் அன்புசெல்வி.

“அதுதான் கண்டுபிடிப்பு. நெஞ்சுல வரோணும்.”

“பின்னாடி?”

நதியா போனில் வேல்குமார் எழுதியிருந்ததைப் படித்தாள். “பின்பக்கம் உன் இஷ்டம். ஏதாவது டிசைன் போட்டுக்கோ.”

படித்துவிட்டு அப்படியே நின்றாள். இன்னொரு தடவை படித்தாள். அவள் முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்த அன்புசெல்விக்கு, பள்ளியில் இவளால் தலைமையாசிரியரிடம் ஒரு வகுப்பே உதை வாங்கிய நாள் ஞாபகத்துக்கு வந்தது. “வேண்டாம் புள்ள” என்றாள், என்ன வேண்டாம் என்று தெரியாமலே.

நதியா லேப்டாப்பில் இருபத்திரண்டு சின்னக் கட்டங்கள் போட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி, அதன் இரண்டு முனைகள், அளந்தது அளந்தபடி. ஏழாம் கட்டத்தில் முகடு எழுந்ததும் விழுந்ததும் முழுதாக இருந்தது. வேல்குமார் கத்தரித்த துண்டைச் சுற்றி ஒரு சின்னச் சதுரம். மேலே தமிழில் ஒரு வரி: ‘முன்பக்கம் நீங்கள் பார்த்தது இந்தச் சதுரம் மட்டும்.’

“ஒரே ஒரு சாம்பிள் பீஸைக் காட்டி ஆர்டர் புடிக்கறார்டி. பல்க் அத்தனையும் வேற” என்றாள்.

இதற்கு மேல் அன்புசெல்விக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “சாம்பிள் டெய்லர் உசுரைக் குடுத்துத் தெச்சிருப்பான். பல்க்குல கழுத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம் இழுத்துட்டு நிக்கும். இத்தனை படிச்சவிய ஊட்டுலயும் இதே பொழப்புத்தானா?” என்று அங்கலாய்த்துவிட்டு, விரலை நீட்டினாள். “அடிக்கறேன். ஆனா ஸ்ட்ரைக்-ஆஃப் அனுப்பி அப்ரூவல் வாங்கோணும். அது இல்லாம ஒரு பீஸ் ஓட்ட மாட்டேன்.”

ஸ்ட்ரைக்-ஆஃப் என்பது பல்க், அதாவது மொத்த ஆர்டர், ஓட்டுவதற்கு முன்னால் அடித்துக் காட்டுகிற மாதிரி. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருத்தர் போனில் வாயால் ஓகே சொன்னதை நம்பி அன்புசெல்வி ஓட்டிவிட்டாள். வந்தவர் நீலம் இந்த நீலம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். “எங்கூட்டு நாய்க்கு இன்னிக்கும் அந்தப் பனியன்தான் படுக்கை” என்பாள்.

ஒரு மாதிரி அடித்து, முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். நதியா ஒளிக்கவில்லை. ‘பின்பக்கத்தையும் பாருங்கள் சார், உங்கள் ஒப்புதல் வந்த பிறகுதான் அடிப்போம்’ என்று எழுதி இரண்டு படத்தையும் வேல்குமாருக்கு அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டுக் கத்துவார், நேருக்கு நேர் ஒரு சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். யூனிட்டுக்குள் சிக்னல் மோசம். முன்பக்கப் படம் போய்ச் சேர்ந்தது, பின்பக்கப் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் பதில் வந்துவிட்டது.

‘இரண்டும் பார்த்தேன். சூப்பர். கோ அஹெட்.’

நதியாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. போய்ச் சேராத படத்தைப் பார்த்தேன் என்கிறார் மனுஷன். அவள் ஐந்து வருஷம் அளந்ததையும் இதே லட்சணத்தில்தான் பார்த்திருப்பார். வெளியே தெருவில் போய் நின்று, படம் சேரும்வரை போனைத் தூக்கிப் பிடித்தாள். சேர்ந்ததும், ‘பின்பக்கம் இப்போதுதான் வந்தது சார், சரியா?’ என்று கேட்டாள். கட்டைவிரல் ஒன்று வந்தது.

“ஓட்டு” என்றாள் உள்ளே வந்து.

அன்புசெல்வி அந்த இரண்டு பதிலையும் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் அச்சடிக்கிற ஸ்கிரீனைத் தூக்கினாள்.

வீட்டில் அம்மா ரோஸ்மேரி மாதிரிப் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாசல் தாண்டினால் நதியா கொங்குத் தமிழ், உள்ளே வந்தால் அம்மாவின் தமிழ்.

“கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டாருன்னா என்னட்டி செய்வ? ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் வச்சிருக்காக.”

“நான் மேடைக்கே போகலம்மா. பனியன் பாட்டுக்குப் பேசும். யாரு போட்டதுன்னு யாருக்குத் தெரியும்? பிரிண்டிங்ல ஏதோ ஆயிட்டுன்னு நெனச்சுக்கிடுவாக.”

“அப்போ சரி. என்ன நடந்தாலும் வாயத் தொறந்துராத” என்றாள் ரோஸ்மேரி. நதியாவும் தலையாட்டினாள். தலையாட்டியபோது தன்மேலேயே ஒரு கசப்பு வந்ததை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

விழா அன்றைக்கு அரங்கம் முழுக்க வெள்ளைப் பனியன். மேடையிலிருந்து பார்த்த வேல்குமாருக்கு முந்நூறு நெஞ்சும் முந்நூறு முகடும் தெரிந்தன. மனுஷன் குளிர்ந்துபோனார். “இரண்டு முனைகளிலும், ஒரே நேரத்தில்” என்று அழுத்தம் திருத்தமாக ஆரம்பித்தார். ஆனால் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்தது முன்வரிசைக்காரரின் முதுகு. இரண்டாம் வரிசை முதல் வரிசையைப் படித்தது, மூன்றாம் வரிசை இரண்டாம் வரிசையைப் படித்தது. ஒருத்தி முன்னால் இருந்தவளின் பனியனை இழுத்துச் சுருக்கம் நீக்கி, ஏழாம் கட்டத்தில் விரல் வைத்துக் காட்டினாள். சலசலப்பு கிளம்பியது. உற்சாகம் என்று நினைத்து வேல்குமார் குரலை இன்னும் உயர்த்தினார்.

பேச்சு முடிந்ததும் தங்கதுரைக்கு ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். ஏற்றுமதிக்காரர் கையில் ஒரு பனியனைக் கொடுத்துவிட்டு, அவர் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பார் என்று எதிர்பார்க்கிறவர் இந்த ஊரைப் பற்றி எதுவும் அறியாதவர். கொடுத்த கையோடு அதைப் புரட்டினார், ஓரத் தையலை இழுத்துப் பார்த்தார், பின்பக்கப் பிரிண்டை நகத்தால் சுரண்டினார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நிதானமாகப் படித்தார்.

“ஏனுங்க சார், முன்னாடி ஒண்ணு இருக்குது, பின்னாடி இருபத்திரண்டு இருக்குது. இதுல எது நம்முதுங்க?” என்றார் மைக்கிலேயே.

வேல்குமார் பனியனை வாங்கித் திருப்பினார். கழுத்து நரம்பு துடித்தது. கண் ஒரு வினாடி அரங்கில் நதியாவைத் தேடிப் பிடித்தது. பிறகு சிரித்தார்.

“பிரிண்டிங் மிஸ்டேக், சார். லோக்கல் பிரிண்டர் தப்பான ஃபைலைப் போட்டுட்டாங்க போல. இந்த ஊர்ல இதெல்லாம் சகஜம்தானே.”

அரங்கின் கடைசியில், காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அன்புசெல்வி நின்றிருந்தாள். இடுப்பில் வைத்திருந்த கை கீழே விழுந்தது. தங்கதுரை முன்னால் ஒரு பிரிண்டரைத் தப்புக்காரி என்று சொன்னால், அடுத்த வாரம் அவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இருந்தும் அவள் வேல்குமாரின் பதில்கள் இருந்த போனை எடுக்கவில்லை. நதியாவைப் பார்த்தபடி சும்மா நின்றாள்.

வேல்குமார் திறந்துவைத்த கதவு நதியாவுக்கு நன்றாகவே புரிந்தது. பேசாமல் உட்கார்ந்தால் ஆய்வேடு அவளுக்கு. அவளே போட்டுவைத்திருந்த திட்டமும் அதுதானே. மூன்றாம் வரிசையிலிருந்து ரோஸ்மேரி வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்துக்கொண்டிருந்தாள். நதியாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது. கம்பிகளை மோசம் என்று ஒதுக்கியது போதாதென்று, இப்போது அன்புசெல்வியையும் அப்படியே செய்கிறாரே இந்த ஆள்.

எழுந்து மேடைக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. மைக்கை யாரும் தரவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

“மிஸ்டேக் இல்லீங்க. பின்பக்கம் நான் போட்டது. அந்த இருபத்திரண்டு கம்பியையும் அளந்தது நானுங்க. சாரோட அப்ரூவல் வாங்கித்தான் பல்க் ஓட்டினோம். பிரிண்டர் மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

அப்ரூவல் என்ற சொல் விழுந்ததும் தங்கதுரையின் கழுத்து வேல்குமார் பக்கம் திரும்பியது. “அப்ரூவல் குடுத்தீங்களா சார்?”

“நான்... முன்பக்கம்தான்...”

“ரெண்டும் பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க சார்” என்றாள் நதியா.

பிறகு அரங்கத்தைப் பார்த்துப் பேசினாள். முகடு என்றால் என்ன, போலி முகடு என்றால் என்ன, ஏழாம் கம்பியில் அது எப்படி எழுந்தது, எப்படி விழுந்தது. “மயோரானா இல்லைன்னு நான் சொல்லலீங்க. எங்ககிட்ட இன்னும் கிடைக்கலை. கிடைக்கலைங்கறதும் அளந்து வந்த பதில்தானுங்க. அதைக் கத்தரிச்சா அப்பறம் வர்றவங்க எல்லாரும் இல்லாத இடத்துலயே தேடிட்டு இருப்பாங்க.”

“நதியா, போதும். கீழே இறங்கு” என்றார் வேல்குமார் பல்லுக்கிடையில்.

“ஒரு நிமிஷங்க சார். நீங்க பார்த்தேன்னு சொன்னீங்க. இன்னும் பார்க்கலை.” மைக்கைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்தாள். “எல்லாரும் தயவுசெஞ்சு எந்திரிச்சுத் திரும்பி நில்லுங்க.”

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு சற்று முன் பனியனை இழுத்துப் படித்தாளே, அந்தப் பெண் எழுந்து திரும்பினாள். அவள் வரிசை எழுந்தது. நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன, சிலர் சிரித்தார்கள், சிலர் போனைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அரங்கம் மொத்தமும் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றது. எங்கே கண்ணைத் திருப்பினாலும் இருபத்திரண்டு கட்டம். மூன்றாம் வரிசையில் பனியன் போடாத ஒரே ஒருத்தி, ரோஸ்மேரி, சேலையோடு அவளும் எழுந்து திரும்பி நின்றாள். 

தங்கதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கட்டடத்தைப் பத்திப் பொறவு பேசிக்கலாங்க சார்” என்றார் மரியாதையாக. அந்த ஊரில் ஆர்டரை ரத்து பண்ணுவதும் மரியாதையாகத்தான்.

வேல்குமார் நதியா பக்கம் சாய்ந்தார். மைக்கில் விழாத குரலில், “உன் ஆய்வேட்டுல என் கையெழுத்து கிடைக்கும்னு கனவுலகூட நினைக்காதே” என்றார்.

மேடை ஓரத்தில், நிகழ்ச்சி நிரலின் கடைசிக் காரியத்துக்காக ஒரு தட்டில் மார்க்கர் பேனா காத்திருந்தது. நதியா அதை எடுத்து மூடியைக் கழற்றினாள். வேல்குமார் கீழே வைத்திருந்த பனியனை மேசையில் விரித்து, குப்புறப் புரட்டி, சுருக்கம் இல்லாமல் கையால் நீவிவிட்டாள்.

“போடறதா இருந்தா இந்தப் பக்கம் போடுங்க சார்” என்று பேனாவை நீட்டினாள். “முன்பக்கம் போட்ட கையெழுத்து எனக்கு வேண்டாம்.”

அவர் வாங்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை.